பாட்டும் பனியனும்: ஹிப்-ஹாப்பிலிருந்து சொந்த உடைப் பாணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் வெட்டும் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்கக் கையில் துணி, மாலையில் காதில் ஹிப்-ஹாப் என்று பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அண்ணன் பிள்ளைகளும் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களும் பாட்டையும் உடையையும் சேர்த்துத்தான் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

ஸ்ட்ரீட்வேர் என்று எதைச் சொல்கிறோம்?

டி-ஷர்ட், ஹூடி, தொப்பி, தொளதொள பேன்ட், ஸ்னீக்கர். பொருள்கள் இவ்வளவுதான். கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஷான் ஸ்டூஸி, பலகையில் போடும் தன் கையெழுத்தை 1980களின் தொடக்கத்தில் டி-ஷர்ட்டிலும் அச்சிட்டு விற்றார். அது ஒரு ஊற்று. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இன்னொரு ஊற்று. ஸ்கேட்போர்டு பையன்களும், 1993இல் டோக்கியோவின் ஹராஜுகுவில் 'எ பேதிங் ஏப்' என்ற உடை பிராண்டைத் தொடங்கிய நிகோ போன்றவர்களும் பிறகு வந்து கலந்தார்கள். இவற்றில் எனக்கு நெருக்கமானது ஹிப்-ஹாப். அதனால் இந்தப் பக்கம் அதையே சுற்றிவரும்.

இசைக்கும் உடைக்கும் இந்த உறவு எங்கே தொடங்கியது?

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில். 1973 ஆகஸ்ட் 11 அன்று அங்கிருந்த பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. இசைத்தட்டு சுழற்றியவர் டிஜே கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் பிறந்த நாளாக அந்த நாளையே கொண்டாடுகிறார்கள்.

அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்பெல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கக் கையில் காசு வேண்டும். அதற்காகத்தான் விருந்து. சிறு அட்டைகளில் கையால் அழைப்பு எழுதினார்கள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். தீபாவளிக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துவிட வேண்டும் என்று நாள் எண்ணிய யாருக்கும் அந்தப் பெண்ணின் மனது புரியும். பாட்டு முதலில், உடை பிறகு என்று நான் நம்பாததற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

ரன்-டிஎம்சி குழுவைப் பற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அவர்களுக்கு முன் மேடை ஏறிய ராப் பாடகர்கள் மேடைக்கென்று தனியாக உடுத்தினார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் படங்களைப் பாருங்கள். இறுக்கமான தோல் உடை, அதில் பதித்த உலோகக் குமிழ்கள். கூத்து மேடைக்கு ஏறும் ராஜாவைப் போல இருப்பார்கள். ரன்-டிஎம்சியின் மூவரும் குயின்ஸ் பகுதியில் ஹாலிஸ் என்ற இடத்தைச் சேர்ந்தவர்கள். கறுப்புத் தொப்பி, தோல் ஜாக்கெட், அடிடாஸ் சூப்பர்ஸ்டார் ஷூ என்று ஹாலிஸ் தெருவில் நடமாடிய கோலத்தோடு மேடையில் நின்றார்கள். அப்படி முதலில் உடுத்தியவர் அவர்களின் டிஜே ஜாம் மாஸ்டர் ஜே. மற்ற இருவரும் அவர் வழிக்கு வந்தார்கள்.

அந்த ஷூவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சூப்பர்ஸ்டார் கூடைப்பந்து ஆடச் செய்யப்பட்ட ஷூ. முன்பக்கம் சிப்பியின் வரிகள் போன்ற ரப்பர் மூடி இருக்கும். அதை நாடா இல்லாமல், நாக்கை மேலே இழுத்துவிட்டுப் போட்டார்கள். சிறையில் கைதிகளிடமிருந்து ஷூ நாடாவைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். அந்தத் தோற்றம்தான் தெருவுக்கு வந்தது என்று சொல்லப்பட்டது. இப்படி ஷூ போடுகிறவன் ரௌடி என்று ஊரில் ஒரு பேச்சும் கிளம்பியது. அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் தங்கள் அடிடாஸைப் பற்றி ஒரு பாட்டே எழுதினார்கள். 1986 ஜூலையில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதைப் பாடும்போது, போட்டிருப்பவர்கள் ஷூவைத் தூக்கிக் காட்டுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கான கைகளில் ஷூக்கள் உயர்ந்தன. அதை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அடிடாஸ் அதிகாரி ஒருவரும் இருந்தார். பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே ஷூ கம்பெனிகள் பணம் கொடுத்துவந்த காலம் அது.

எனக்கு அந்த ஒப்பந்தத்தைவிட அதற்கு முந்திய முடிவுதான் பெரிதாகப் படுகிறது. சொந்தத் தெருவில் எப்படி நிற்கிறோமோ அப்படியே மேடையிலும் நிற்போம் என்று தீர்மானித்தார்களே, அது.

பிடித்த பாடகர் உடுத்துவதை அப்படியே உடுத்தினால் என்ன தவறு?

தவறு என்று சொல்லமாட்டேன். தொடக்கத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், அந்த இசை எப்படி உருவானதோ அதற்கே எதிராகப் போகிறோம்.

ஹெர்க் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பாட்டில் குரலும் மற்றக் கருவிகளும் ஒதுங்கி, தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் இருக்கும். ஆடுகிறவர்களுக்கு உயிர் வருவது அங்கேதான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்றில் அந்த நொடிகள் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, சில நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். முழுப் பாட்டையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு வேண்டிய துண்டை அடையாளம் கண்டார், அதை வேறொன்றாக்கினார். உடையிலும் அதுதான் வழி.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு வீடியோவை நிறுத்திவைத்துப் பிராண்டின் பெயரை மறந்துவிட்டு மூன்று இடங்களைப் பார்ப்பேன். சட்டையின் தோள் தையல் எங்கே விழுகிறது? தோள் எலும்பிலா, கைப்பக்கம் இறங்கியா? சட்டை இடுப்பில் முடிகிறதா, தொடை வரை வருகிறதா? பேன்ட் ஷூவின் மேல் மடிந்து உட்காருகிறதா, கணுக்காலிலேயே நிற்கிறதா? ஒருவருடைய தோற்றத்தில் முக்கால் பங்கு இந்த மூன்று அளவுகளில் இருக்கிறது. பிறகு உங்கள் பீரோவைத் திறந்து, அந்த அளவுகளுக்கு ஏற்கெனவே பொருந்தும் துணி எது என்று தேடுங்கள். அநேகமாக அப்பாவின் பழைய சட்டை ஒன்று அகப்படும்.

டாப்பர் டான் யார்?

இந்தக் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். டேனியல் டே என்பது இயற்பெயர். 1944இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். தையலோ வடிவமைப்போ பள்ளியில் படித்தவரல்லர், தானே கற்றவர். 1982இல் ஹார்லெமின் 125ஆவது தெருவில் கடை திறந்தார். இரவும் பகலும் திறந்திருக்கும் கடை. நகரத்தின் ஆடம்பரக் கடைகள் கறுப்பின வாடிக்கையாளர்களை முகம் கொடுத்து வரவேற்காத காலம். ஐரோப்பிய ஆடம்பர பிராண்டுகளின் எழுத்துச் சின்னங்களைத் தோலில் தானே அச்சிட்டு, அந்த பிராண்டுகள் கனவிலும் தைத்திராத ஜாக்கெட்டுகளை டாப்பர் டான் தைத்தார். ஹிப்-ஹாப் கலைஞர்கள் எல்எல் கூல் ஜே, எரிக் பி, ராக்கிம், குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் எல்லோரும் அவரிடம் தைத்தவர்கள். பிராண்டுகள் வழக்குப் போட்டன, சோதனைகள் நடந்தன. 1992இல் கடை மூடப்பட்டது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2017இல், இத்தாலிய ஆடம்பர பிராண்டான குச்சி (Gucci) தன் உடைக் காட்சியில் பெரிய உப்பலான கைகளோடு ஒரு ஜாக்கெட்டை மேடையேற்றியது. பார்த்தவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். 1980களின் இறுதியில் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்கு டாப்பர் டான் தைத்த ஜாக்கெட்டின் மறுபிறவி அது. சின்னம் மட்டும்தான் வேறு. எதிர்ப்பு கிளம்பியது. குச்சி அவரோடு கைகோத்தது. 2018இல் ஹார்லெமிலேயே அவருக்கு மீண்டும் ஒரு தையலகம் திறந்தது.

யாரைப் போலி என்று கடையை மூடவைத்தார்களோ, அவருடைய கைவேலையையே கால் நூற்றாண்டு கழித்து உயர்ந்த மேடையில் ஏற்றினார்கள். பேட்டர்ன் வெட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு இது நெஞ்சில் தைக்கும் செய்தி. ஒரு ஜாக்கெட்டின் வடிவம் யாருடையது என்பதைச் சின்னம் சொல்லாது. வெட்டு சொல்லும்.

அப்படியானால் போலி பிராண்டு வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். டாப்பர் டான் இல்லாத ஒன்றை உருவாக்கினார். சந்தையில் கிடைக்கும் போலி, இருக்கும் ஒன்றை மட்டமான துணியில் திரும்பச் செய்கிறது. அதே பணத்துக்குச் சின்னமில்லாத நல்ல துணி கிடைக்கும்போது எதற்கு?

விலை உயர்ந்த பிராண்டு இல்லாமல் இந்தப் பாணி சாத்தியமா?

அமெரிக்காவிலேயே அது அப்படித்தான் தொடங்கியது. ரன்-டிஎம்சியின் அதே ஹாலிஸ் தெருக்களில் வளர்ந்த டேமண்ட் ஜான், அம்மா கற்றுக்கொடுத்த தையலை வைத்துத் தொப்பி தைத்து விற்கத் தொடங்கினார். அதுதான் 1992இல் தொடங்கிய ஃபூபு என்ற உடை பிராண்டு. பின்னாளில் லூயி வீட்டோன் என்ற ஆடம்பர பிராண்டின் ஆடவர் உடைப் பிரிவின் தலைமைக்கு 2018இல் வந்த வர்ஜில் அப்லோவின் அம்மாவும் தையற்காரர்தான். ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து குடியேறிய குடும்பம். அப்லோ சிவில் இன்ஜினியரிங் படித்தவர், டிஜேயாகவும் இருந்தவர். அம்மாவின் தையல் மெஷினுக்கு அருகில் வளர்ந்தவர்கள் இந்தத் துறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் திருப்பூர்க்காரனுக்குப் பெருமையாக இருக்கும்.

இனி நம் ஊர் விஷயம். உலகின் பெரிய பிராண்டுகள் பலவற்றுக்கு இங்கே பனியன் துணி பின்னித் தைக்கிறார்கள். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய உடைகள், மலைபோலக் குவிந்திருக்கும். அங்கே போனால் லேபிளைப் பார்க்காதீர்கள். துணியைப் பாருங்கள்.

முதலில் கனம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடையை ஜிஎஸ்எம் என்கிறோம். சாதாரண டி-ஷர்ட் 160 முதல் 180 வரை இருக்கும். தோள் இறங்கிய பெரிய டி-ஷர்ட் உடம்பில் ஒட்டாமல் நின்று விழ வேண்டுமென்றால் 220, 240 தேவை. மெல்லிய துணியில் பெரிய அளவு எடுத்தால் ஈரத்துண்டைப் போர்த்தியது போலத் தொங்கும். அடுத்துக் கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றி இழுபடும் பின்னல் பட்டையை, இரு விரலால் இழுத்து விடுங்கள். உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். உள்பக்கம் திருப்பி, ஒரு தோளிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் வரை பட்டி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இருந்தால் தோள் இழுபடாது. கடைசியாக, பக்கத் தையலைப் பிடித்துச் சட்டையைத் தொங்கவிடுங்கள். தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பினால் துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும்.

நல்ல ஹூடி ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். சாம்பியன் கம்பெனி 1930களிலேயே ஒரு வழி கண்டது. வழக்கமாக நீளவாக்கில் வெட்டும் துணியைக் குறுக்குவாக்கில் வெட்டினார்கள். பின்னல் துணி அதிகம் சுருங்குவது நீளவாக்கில்தான். குறுக்கே வெட்டியதால் ஸ்வெட்ஷர்ட் துவைத்த பிறகும் உயரம் குறையவில்லை. உடம்பை வளைக்க வசதியாகப் பக்கவாட்டில் ரிப் பட்டைகள் வைத்தார்கள். மாணவ விளையாட்டு வீரர்களுக்காகச் செய்தது, பிறகு ராப் பாடகர்களின் உடம்புக்கு வந்தது. இப்படி ஒரு வெட்டை முதலில் யோசித்தவரை நினைத்தால் கைகுவிக்கத் தோன்றுகிறது.

சென்னை வெயிலில் ஹூடியா?

மார்கழி இரவுக்கும் ஊட்டிக்கும் மட்டும். நியூயார்க்கின் பனிக்காலத்தில்தான் ஹூடியும், கட்டட வேலைக்காரர்களின் டிம்பர்லேண்ட் பூட்ஸும் அந்தப் பாட்டோடு சேர்ந்தன. அவர்கள் தங்கள் குளிருக்கு உடுத்தியதை நாம் நம் வெயிலுக்குப் போட்டால் வேர்க்குரு வரும். அவர்களிடமிருந்து தொளதொளப்பையும் அடுக்கி உடுத்தும் முறையையும் எடுத்துக்கொண்டு துணியை மாற்றுங்கள். உள்ளே கையில்லா வெள்ளைப் பனியன், மேலே பித்தான் போடாத கட்டம் போட்ட கைத்தறி அரைக்கைச் சட்டை, கீழே அகலமான பருத்திப் பேன்ட். லுங்கித் துணியில் சட்டை தைத்துப் பாருங்கள், எவ்வளவு அழகாக விழுகிறது என்று தெரியும்.

பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

தொடங்கிவைத்ததே சிண்டி என்ற பெண் என்று மேலே சொன்னேன். புரூக்ளினைச் சேர்ந்த ஏப்ரல் வாக்கர் 'வாக்கர் வேர்' என்ற பெயரில் ஆடவர் உடை தைத்தார். ராப் பாடகர்கள் டூபாக்கும் நொட்டோரியஸ் பி.ஐ.ஜியும் அவற்றை அணிந்தார்கள். ஆழமான பை வேண்டும், கவட்டில் தாராளம் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதை அவர் காதில் வாங்கி வெட்டினார். 1990களில் டிஎல்சி என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் மூவரும் பாடகி ஆலியாவும் தொளதொள பேன்ட்டில் ஆடினார்கள். மேரி ஜே. பிளைஜ் விளையாட்டு ஜெர்சியும் கனத்த பூட்ஸுமாகக் காதல் சோகத்தைப் பாடினார்.

ஆண்கள் பகுதியில் வாங்கும் சட்டையை அப்படியே அணியலாம். ஆனால் தோள் மட்டும் இறங்கி, கை நீளம் முழங்கையைத் தாண்டினால் சட்டை உங்களை விழுங்கிவிடும். தையற்காரரிடம் கையை மட்டும் இரண்டு அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். உடம்பை இறுக்கச் சொல்லாதீர்கள். அவராகவே இடுப்பில் பிடிக்க வருவார், மறுத்துவிடுங்கள்.

தமிழர்களில் இப்படிச் சொந்தப் பாணி கண்டவர்கள் உண்டா?

பாடகி மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தார். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், அச்சுத்தகட்டு ஓவியங்கள் என்று பாட்டுக்கும் உடைக்கும் ஒரே கையால் வடிவம் கொடுத்தார். 2009 கிராமி விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியாக, வயிறு தெரியும் கறுப்பு வெள்ளை உடையில், ஜே-ஸீ உள்ளிட்ட ஆண் பாடகர்களோடு மேடையில் நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. 2013இல் வெர்சஸ் வெர்சாச்சே என்ற ஆடம்பர பிராண்டுக்கு அவர் செய்த உடைகள், சந்தையில் விற்கும் போலி வெர்சாச்சேவைப் பார்த்து வரைந்தவை. அசல் எது, போலி எது என்ற டாப்பர் டானின் கேள்வியை அவர் வேறொரு பக்கத்திலிருந்து கேட்டார்.

இன்னொன்று, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்முயற்சியில் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒன்றாக ஒலித்த அந்த மேடையில் பாடகர்கள் ஒரே மாதிரி சாம்பல் நிற கோட்டும் சூட்டுமாக நின்றார்கள். கானாப் பாடகன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஊர் வைத்திருந்த சித்திரம் அங்கே கிழிந்தது. அம்பேத்கரின் நீல நிற கோட்டை நினைக்காமல் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ரன்-டிஎம்சி மேடை உடையைக் களைந்து தெருவை மேடையேற்றினார்கள். இவர்கள் தெருவுக்கு மறுக்கப்பட்ட உடையை மேடையில் எடுத்து அணிந்தார்கள். இரண்டு வழிகளும் எனக்கு ஒரே அளவு பெரியவை.

கறுப்பின மக்களின் பண்பாட்டை நாம் அணிவது சரியா?

ஷூவும் ஹூடியும் தொப்பியும் எல்லோருக்கும் உரியவை. கதையைத் தெரிந்துகொண்டு அணியுங்கள். தலைமுடி வேறு விஷயம். டூராக் என்பது சுருள்முடியின் அலைவரிகளைக் காக்கக் கட்டும் துணி. பின்னல்களும் ஜடைகளும் அவர்களுக்குப் பள்ளியிலும் வேலையிலும் அவமானத்தைத் தேடித்தந்தவை. அந்த அவமானத்தைச் சுமக்காத நாம் அவற்றை வேடமாகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

“ரௌடி மாதிரி இருக்கிறாய்” என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பெரியவர்கள் பயத்தில் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2012 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சான்ஃபோர்டு என்ற ஊரில், ஹூடி அணிந்து கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனை, சந்தேகத்துக்குரியவன் என்று நினைத்த ஒரு குடியிருப்புக் காவல் தன்னார்வலர் சுட்டுக்கொன்றார். வாங்கி வந்தது மிட்டாயும் ஒரு பானமும். பிறகு நீதி கேட்டு ஊர்வலம் போனவர்கள் ஹூடி அணிந்தே போனார்கள். நம் ஊரிலும் முடிவெட்டையும் பேன்ட்டையும் பார்த்துப் பையன்களை நிறுத்தி விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் அம்மாவிடம் கோபப்படாதீர்கள். உட்காரவைத்து இந்தக் கதைகளைச் சொல்லுங்கள், பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். என் அம்மா 20 ஆண்டுகள் செக்கிங் வேலை, அதாவது தைத்த உடையில் குறை பார்க்கும் வேலை, பார்த்தவர். என் பெரிய ஹூடியைப் பார்த்து முகம் சுளித்தவர், அதை உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் தைச்சிருக்கான்” என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் இது ஒத்துவருமா?

ஒத்துவரும். பெரிய எழுத்தையும் படத்தையும் விட்டுவிட்டு அளவிலும் துணியிலும் கவனம் வையுங்கள்.

சரி, இன்றைக்கு எங்கே தொடங்குவது?

அப்பாவின் அல்லது மாமாவின் பழைய பருத்திச் சட்டை ஒன்றை எடுங்கள். கழுத்துப் பட்டியைப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். கையை முழங்கைக்கு மேலே ஓரங்குலம் விட்டு வெட்டி அகலமாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். கீழ் வளைவை நேராக்கி, இடுப்புக்குக் கீழே நான்கு விரல் தொங்கும்படி நிறுத்துங்கள். வெட்டிய துணி மிஞ்சும், அதிலேயே நெஞ்சுக்கு ஒரு பெரிய பை வைக்கலாம். தையற்கூலி மட்டும்தான் செலவு. புதுத்துணியில் தைப்பதாக இருந்தால் மட்டும் ஒன்றை மறக்காதீர்கள். வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நனைத்து நிழலில் காயவைத்துவிடுங்கள், பருத்தி சுருங்கும்.